இலையில் இடம் கிடைக்காத மரவள்ளி

அன்பு மச்சான் செல்லையாவுக்கு,

உன் மரவள்ளி நன்றாக இருக்கிறது. முதலில் அதைத்தான் கேட்பாய் என்று தெரியும். நீ கண்மூடியபின் உன் பெண்டாட்டி, தங்கச்சி மாரியாயி, நீ விட்டுப்போன ஆற்றோரப் பாத்திகளை ஒரு நாளும் காயவிடவில்லை. தண்டுக்கீரையும் வெண்டையும் கூட இருக்கின்றன.

இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். எல்லோர் முன்னாலும்தானே உன்னைத் திருப்பி அனுப்பினேன்?

நம் ஜாசின் ஊர்க் கோயிலின் வெள்ளிக்கிழமை அன்னதானம் அது. ஒரு சாக்கு மரவள்ளியும் நாலு கட்டுக் கீரையும் கொண்டுவந்து இறக்கினாய். கோயில் தலைவர் என்ற மிதப்பில் நான் சொன்னேன்: “சாமி இலையில தோட்டத்துச் சாப்பாடு வேணாம் மச்சான். வர்றவங்க என்ன நினைப்பாங்க?”

“கஞ்சாவா கொண்டாந்தேன்? கெழங்கு லா,” என்று சிரித்துவிட்டுச் சாக்கை மறுபடி மோட்டார் சைக்கிளில் கட்டினாய். அதற்குப் பிறகு கொண்டுவரவே இல்லை.

ஜப்பான்காரன் காலத்தில் நம் அப்பாக்கள் மரவள்ளி தின்று உயிர் பிழைத்தார்கள். ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளிலும் அரிசி தீர்ந்தால் அதுதான். எனக்கு அது வறுமையின் அடையாளம். மலையிலிருந்து லாரியில் வரும் முட்டைக்கோஸும், கப்பலில் வரும் உருளைக்கிழங்கும்தான் மரியாதை என்று இருந்தேன். தப்பு என்று அப்போதே தெரிந்ததா? கொஞ்சம் தெரிந்தது. சொன்ன சொல்லை மாற்ற மனம் வரவில்லை.

இப்போது சேதி கேள். மாநிலத்தில் புதிதாக உணவுத் திட்டம் ஒன்று எழுதுகிறார்கள். பள்ளிச் சிற்றுண்டிச் சாலையும் மருத்துவமனையும் பக்கத்தில் விளைவதையே வாங்க வேண்டுமாம். தட்டில் காய்கறி கூட வேண்டும், சீனி குறைய வேண்டும். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். மலாய் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று முறை படித்தேன். கோயிலும் பள்ளிவாசலும் அதில் இல்லை. நிலத்துக்குக் கிராண்ட், அதாவது பட்டா, உள்ளவர்கள் மட்டுமே விற்கலாம் என்று இருந்தது. காலமெல்லாம் அடுத்தவன் நிலத்தில் உழைத்த நம் ஆட்களிடம் கிராண்ட் எங்கே இருக்கும்? அப்படியே விட்டால் மாரியாயி விற்க முடியாது, அரசாங்க நிலத்தில் இருக்கும் அவள் பாத்தியும் போய்விடும்.

கருத்துக் கேட்கும் கூட்டத்துக்குப் போனேன். பேசிய அதிகாரி நம் தமிழ்ப் பிள்ளைதான். லாரி குளிரூட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் ஓடுகிறது, அந்தப் புகை மழையைக் கெடுக்கிறது, கெட்ட மழை மலையைச் சரிக்கிறது, பிறகு லாரியே வருவதில்லை என்று விளக்கினாள். மண் சரிந்து முட்டைக்கோஸ் வராத அந்த வாரம் நினைவுக்கு வந்தது. அன்று பருப்பும் அப்பளமும் மட்டும் போட்டோம். சட்டைப் பையில் சீனி வியாதி மாத்திரையோடு உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சோற்றைத்தான் குவித்தோம். ஆற்றோரத்தில் உன் கீரை முற்றிக்கொண்டிருந்தது.

எழுந்து, கோயிலையும் கிராண்ட் இல்லாதவர்களையும் ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். கேட்டதற்குப் பதில் வரும்வரை உட்காரவில்லை. வழிபாட்டுத் தலங்களைச் சேர்க்கப் பரிந்துரைப்பதாகச் சொன்னாள். ஒரு வருஷத்துக்கு வாங்குவோம் என்று கோயில் எழுதிக் கொடுத்தால், மாரியாயி ஆற்றோர நிலத்துக்குத் தற்காலிக அனுமதி கேட்கலாம் என்றாள். கிடைக்கும் என்று மட்டும் சொல்லவில்லை.

அந்தக் கோயில் கடிதத்தை எழுதி எடுத்துக்கொண்டு மாரியாயியிடம் போனேன். அவள் களைக்கொட்டைக் கீழே வைக்கவில்லை.

“அன்னிக்கு வேணாம்னு சொன்ன கை இன்னிக்குக் கையெழுத்துப் போடுதாண்ணே?”

நான் கடிதத்தை நீட்டினேன்.

“எதுக்கு நிறுத்துனீங்கன்னு மொதல்ல கமிட்டியில சொல்லுங்க. அப்புறம் காய் தாரேன்.”

வீட்டுக்கு வந்து உன் அக்காவிடம் முறையிட்டேன். “அவ கேட்டது கம்மி” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கமிட்டியில் சொன்னேன், மச்சான். நடந்ததை நடந்தபடி சொன்னேன். பொருளாளர் மட்டும் விடவில்லை. “இலையில மரவள்ளியா? ஜனங்க வரமாட்டாங்க தலைவரே,” என்றார். என் குரல்தான் அது, வேறு வாயிலிருந்து வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை போட்டுப் பார்ப்போம், இலையில் மிஞ்சினால் பேச்சை விட்டுவிடுகிறேன் என்றேன்.

போன வெள்ளிக்கிழமை போட்டோம். மரவள்ளிப் பிரட்டல், கீரைக் கூட்டு, கொஞ்சமாகச் சோறு. பரிமாறியவள் மாரியாயி. நான் வாசலில் நின்று, மடித்துப் போட்ட இலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். கறிவேப்பிலையும் மிளகாயும் தவிர ஒன்றும் இல்லை. பொருளாளர் இரண்டாம் முறை கேட்டார். மாரியாயி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போட்டாள்.

கடைசிப் பந்தியில் நான் உட்கார்ந்தேன். எனக்குக் கிழங்கு இல்லை, தீர்ந்துவிட்டது. அதுவும் சரிதான்.

அன்றே கோயில் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். அனுமதி இன்னும் வரவில்லை. வரும்வரை திங்கட்கிழமைதோறும் நில அலுவலக நாற்காலியில் போய் உட்காருவேன். என்னைப் பிடிவாதக்காரன் என்பாயே, அந்தப் பிடிவாதத்தை இனி அவர்கள் பார்க்கட்டும். உன் பாத்தியில் வேறு யாரும் வேலி போட விடமாட்டேன். இது என் வாக்கு.

அந்தக் கோயில் கடிதத்தில் ‘தலைவர்’ என்று அச்சடித்த இடத்துக்குக் கீழே, இங்கே கடைசியில் எழுதுவதையே அங்கேயும் பேனாவால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதிகாரிகளுக்குப் புரியாவிட்டால் போகட்டும்.

இப்படிக்கு,
செல்லையாவின் அக்காள் புருஷன்