கண்ணாடிக் கூட்டுக்குள் மூன்று காப்பிக் கன்றுகள்

†
கன்னியர் மடம், சேன்-தெனி, ரெயூனியன் தீவு
1882 ஆகஸ்ட் 21, திங்கட்கிழமை

அன்பு மகன் லெயோன்ஸுக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நீ கப்பலின் மேல்தட்டில் நின்றுகொண்டிருக்க வேண்டும். அப்படித்தான் கப்டன் கெர்வெல்லாவிடம் சொல்லியிருக்கிறேன். உன் பெயருக்கு ஒரு மரப்பெட்டி வந்திருக்கிறது. அதைத் திறக்காதே. கரையில் இறக்காதே. முதலில் இதைக் கடைசிவரை படி.

நீயும் உன் மனைவி ஒதிலும் அப்பாவின் பெயரை வாங்கிக்கொண்ட குட்டி எமிலும் ஆண்டவர் கிருபையால் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் தங்கை ஒர்த்தான்ஸும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை, பொய் எழுதக் கூடாதென்று இதே மடத்தில்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். தாள் வேறாக இருக்கிறதே என்று பார்ப்பாய். இது மடத்துப் பிள்ளைகள் எழுதும் கோடு போட்ட தாள். நம் வீட்டுத் தாளை எடுத்துவரத் துணியவில்லை. இன்று இங்கே வந்ததும் உடுத்தியிருந்ததையெல்லாம் கொதிநீரில் போடச் சொன்னேன், தலையை இரண்டு தரம் சோப்புப் போட்டு அலசினேன், காலணியை அடுப்பில் போட்டுவிட்டேன். இப்போது என் உடம்பில் இருப்பது இங்கே சமையற்கட்டில் வேலை செய்யும் ஒருத்தியின் கறுப்பு அங்கி, கை குட்டையாக இருக்கிறது. என்னோடு படித்த சிஸ்டர் ஆன்செல்ம் என்னைப் பார்த்துவிட்டு, "யூஃப்ராசி, என் காலர்ல ஒரு மைப் புள்ளி இருந்ததுக்கு மதர்கிட்ட போய்ச் சொன்னவ நீ, இப்ப உன் மணிக்கட்டைப் பாருடி" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஏப்ரலில் நான் எழுதியது உனக்கு வந்து சேரவில்லை என்று உன் கடிதத்திலிருந்தே தெரிகிறது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். நம் காப்பி செத்துவிட்டது மகனே. ஈஸ்டர் கழிந்து மேல் தோட்டத்தில் இலையின் அடிப்பக்கம் மஞ்சளாய்ச் சிறு பொட்டு தெரிந்தது. விரலால் தொட்டால் பழைய ஆணியைத் தொட்டதுபோல் ஆரஞ்சு நிறத்தில் தூள் ஒட்டிக்கொண்டது. சிலோனில் தோட்டங்களை அழித்த அதே இலைத்துருதான் என்று ஊரிலிருந்து வந்த தாவரத் தோட்டத்து மனிதர் சொன்னார். நான் நம்பவில்லை, சிலோன்காரர்கள் மரத்தைச் சரியாகப் பராமரிக்கத் தெரியாதவர்கள் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். மழைக்காலம் முடிவதற்குள் மலை முழுக்க இலை கொட்டிவிட்டது. கிளைகளில் பச்சைக் காய் மட்டும் நிற்க, மரங்கள் உடுப்பு உரிந்த மனிதர்கள்போல் நின்றன. வேலைக்காரர்கள் தோட்டத்துக்குள் போய் வந்தால் முழங்காலுக்குக் கீழே எல்லாம் ஆரஞ்சாகிவிடும், என் பாவாடை விளிம்பும் அப்படித்தான். நம் கங்காணி மாணிக்கம் ஒரு நாள் மேட்டில் நின்று பார்த்துவிட்டு, "பெரியம்மா, எங்க காரைக்கால் பக்கம் சாமிக்கு மொட்டை போட்டா கேட்டதைக் குடுக்கும்பாங்க. இங்க மலையே மொட்டை போட்டுருச்சு, என்னத்தைக் குடுக்கப் போகுதோ" என்றான். விதவை முன்னால் விளையாட்டுப் பேச்சா என்று அதட்டினேன். பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. அவனுடைய ஆட்கள் எல்லாரும் கீழே கரும்பு ஆலைக்குப் போய்விட்டார்கள், ஒப்பந்தத்தைக் கிழித்து நானே அனுப்பினேன், சாப்பாடு போட முடியாத நான் அவர்களைக் கட்டிவைத்து என்ன செய்வது. ஆலையில் அவர்களை எப்படி நடத்துவார்கள் என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். மாணிக்கம் மட்டும் போகவில்லை. அவனும் நானுமாக மரங்களை வெட்டி எரித்தோம். உன் அப்பா நட்டது எதையும் நான் மிச்சம் வைக்கவில்லை.

உன்னுடைய மே மாதக் கடிதம் அந்தப் புகைக்கு நடுவில்தான் வந்தது. ஆற்று வெள்ளம் உன் நாற்றங்காலை அடித்துக்கொண்டு போனதையும், திருத்திய நிலம் வெறுமனே கிடப்பதையும், உன் கலெதோனியாத் தீவில் கிடைக்கும் விதை மட்டமானது என்பதையும் எழுதியிருந்தாய். அப்பாவின் மரத்துக் கன்று கிடைத்தால் பிழைத்துக்கொள்வேன், வருஷக் கடைசியில் நானே வந்து கன்றையும் அம்மாவையும் சேர்த்து அழைத்துப்போவேன் என்றும் எழுதியிருந்தாய். உன் பொடி எழுத்து என் கண்ணுக்குப் பிடிபடாததால் ஒர்த்தான்ஸ்தான் வழக்கம்போல் எனக்கு வாசித்துக் காட்டினாள். நீ கன்று கேட்ட இடம் வந்ததும் அவள் குரல் மாறியது, நான் அப்போது அதைக் கவனித்தும் பொருட்படுத்தவில்லை. அவளுடைய கதை உனக்குத் தெரியாது. அவளைப் பெண் கேட்டிருந்த நோட்டரி அலுவலகத்து வால்மோன் காப்பி போன செய்தி கேட்டபின் ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்திக்கொண்டான். பிறகு அவன் அம்மா வந்தாள். நம் நாற்காலியில் உட்கார்ந்து நம் காப்பியைக் குடித்துக்கொண்டே, "மலைக்காத்து எம் பிள்ளைக்கு ஒத்துக்கலைங்க" என்றாள். "இத்தனை ஞாயிறும் ஒத்துக்கிட்ட காத்துதானே, காப்பி இருந்தவரைக்கும் நல்லாத்தான் மூச்சு விட்டான்" என்று நான் சொன்னேன். அவள் எழுந்து போய்விட்டாள். எனக்கு ஆறியது, உன் தங்கைக்கு ஆறவில்லை. அதற்குப் பிறகு அவள் பேசுவதையே விட்டுவிட்டாள். தட்டை வைப்பாள், எடுப்பாள், கடிதம் வந்தால் வாசிப்பாள், பூசைக்கு வருவாள், அவ்வளவுதான்.

நேற்று அடுக்களையில் பாட்டுச் சத்தம் கேட்டது. அவள்தான். மாவு பிசைந்துகொண்டு பாடிக்கொண்டிருந்தாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, மாதாவுக்கு நன்றி சொல்லலாமென்று கூடத்துக்குப் போனேன். அங்கே அலமாரியின் மேல் என் கல்யாண மலர்முடி வெறுமனே கிடந்தது. கல்யாண நாளிலிருந்து அதை மூடியிருந்த கண்ணாடிக் கூடு இல்லை. மெழுகுப் பூக்களில் ஒரு இதழில்கூட அதுவரை தூசி பட்டதில்லை, உனக்குத் தெரியும், சின்ன வயதில் அதைத் தொட்டதற்காக உன்னை முட்டிபோட வைத்திருக்கிறேன். நான் அவளைக் கேட்கவில்லை. மாணிக்கத்தைக் கேட்டேன். அவன் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றான். "சின்னம்மா சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க பெரியம்மா" என்றான். சத்தியத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் சொல் என்றேன். நீ முதன்முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை நாளில் அப்பா உன் சன்னலுக்கு வெளியே நட்டாரே அந்த மரம், அதன் அடியில் தானாய் முளைத்திருந்த கன்றுகளில் மூன்றை, எரிப்பதற்கு முன்பே அவள் எடுத்து ஒளித்துவைத்திருக்கிறாள். ஒவ்வொரு இலையாகச் சோப்புத் தண்ணீரில் துடைத்திருக்கிறாள். பெட்டிக்குள் மண் நிரப்பி நட்டு, மேலே என் கண்ணாடிக் கூட்டைக் கவிழ்த்திருக்கிறாள். சுற்றிலும் வனிலா, எலுமிச்சை அச்சார் ஊறுகாய், கொய்யாப் பழப்பாகு, உன் அப்பாவின் கம்பளி மேலங்கி, உனக்கு ஒரு கடிதம். மாணிக்கம் தலையில் சுமந்து மலை இறங்கிக் கப்பலில் சேர்த்திருக்கிறான், வெயில் படக் கூடாதென்று அவள் பக்கத்திலேயே பெட்டிக்குக் குடை பிடித்துக்கொண்டு நடந்தாளாம். "அவங்க மேல வெயிலு, பொட்டி மேல நெழலு" என்றான் மாணிக்கம்.

அந்தக் கன்றுகளில் ஒரு பொட்டும் இருந்திருக்காது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. நீ திறந்து பார்த்தால் பச்சையாய், பளபளப்பாய், உன் அப்பாவே அனுப்பியதுபோல் இருக்கும். அதுதான் என் பயம். நானும் ஜூன் மாதம் அப்படி ஒரு கன்றை எடுத்துக் கோவில் சன்னலில் தனியாக வைத்துப் பார்த்தேன், மற்ற செடி எதுவும் அண்டாத இடம். இரண்டு ஞாயிறு சுத்தமாக இருந்தது. குருவானவரிடம் பெருமையாகக் காட்டினேன். மூன்றாம் ஞாயிறு இலையைத் திருப்பினேன், தூள் இருந்தது. அது இலைக்குள் தூங்குகிறது மகனே, கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே உள்ளே இருக்கிறது. மண்ணிலும் இருக்கலாம், அப்பாவின் மேலங்கி காப்பிக் களத்துக் கொட்டகையில் தொங்கியது, அதன் நூலிலும் இருக்கலாம். உன் தீவில் இன்னும் இது வரவில்லை. நீ அந்தப் பெட்டியைத் திறந்தால் உன் நிலத்தோடு நிற்காது, காற்று உன் வேலியைக் கேட்டுக்கொண்டு வீசாது. நான் பார்த்த மலையை நீ பார்க்க வேண்டாம்.

இன்று விடிந்ததும் மருத்துவரைப் பார்க்கப் போகிறேன் என்று ஒர்த்தான்ஸிடம் சொல்லிவிட்டு வண்டி பிடித்துத் துறைமுகத்துக்கு வந்தேன். கப்பல் இன்னும் போகவில்லை, ஆனால் சரக்கறையை மூடி அதன் மேல் மாவு மூட்டைகளை ஏற்றிவிட்டார்கள். கப்டன் நல்ல மனிதர், பிரெத்தோன் கடற்கரைக்காரர், பிடிவாதக்காரர். என் பெட்டியை எடுத்துக் கடலில் போடுங்கள் என்றேன். "உங்க பெட்டி இல்லைங்க அம்மா, கையெழுத்துப் போட்டு வாங்கியாச்சு, இனி அது உங்க மகனோடது. கடல்ல போடுற உரிமை அவருக்குத்தான்" என்றார். நான் கெஞ்சினேன் லெயோன்ஸ். வாழ்க்கையில் யாரிடமும் கெஞ்சாதவள் ஒரு கப்பல்காரனிடம் கெஞ்சினேன். கடைசியில், உன் கரையில் எதையும் இறக்குவதற்கு முன் உன்னை அழைத்துவரப் படகு அனுப்புவதாகவும் இந்தக் கடிதத்தை முதலில் உன் கையில் கொடுப்பதாகவும் வாக்குக் கொடுத்தார். பெட்டியைக் கட்ட இரும்புச் சங்கிலியும் தருவாராம். பவளப் பாறைக்கு வெளியே, ஆழமான இடத்தில் போடு. பிரிக்காமல் போடு. தங்கையின் கடிதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாமே என்று நினைப்பாய், வேண்டாம். புத்தாண்டுப் பொட்டலங்களை விடிவதற்கு முன்பே மூலையில் கிழித்துப் பார்க்கும் பிள்ளை நீ, அதனால்தான் இத்தனை தரம் சொல்கிறேன்.

நீ இங்கே வரவும் வேண்டாம். இதை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்து மறுபடி எடுத்தேன், ஆனாலும் மாற்றப்போவதில்லை. நீ வந்தால் இந்த மலையில் நடப்பாய், அப்பாவின் கல்லறைக்குப் போவாய், அதே காலணியோடு உன் நிலத்துக்குத் திரும்புவாய். நானும் வரமாட்டேன். கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை, அத்தனை தூரம் கடலைத் தாங்காது என்று மருத்துவர் சொல்லியே விட்டார். அவரைப் பார்க்கப் போவதாகச் சொன்னது பொய்யாகிவிடக் கூடாதென்று துறைமுகத்திலிருந்து நேரே அவரிடம்தான் போனேன். குட்டி எமிலுக்கு உன் அப்பாவின் மூக்கு என்று எழுதியிருந்தாய், அதை நான் அப்படியே நம்பிக்கொள்கிறேன். உன் தீவில் கிடைக்கும் மட்டமான விதையையே வாங்கி நடு. அண்டைவீட்டாரிடம் கேட்கக் கூச்சப்படாதே, அந்தக் கூச்சம் உனக்கு என்னிடமிருந்து வந்தது, அதை என்னோடு விட்டுவிடு. தண்ணீர் தேங்கும் இடத்தில் நாற்றங்கால் போடாதே. ஒதில் மலைக்காற்றில் தலையை மூடிக்கொள்ளட்டும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இத்தனையும் எனக்குத் தெரியும் என்று ஒர்த்தான்ஸுக்குத் தெரியாது. நான் வாய் திறக்கவில்லை. அவள் பாடிக்கொண்டிருக்கிறாள், கப்பல் புறப்பட்டுவிட்டதென்று நினைத்து, கன்றுகள் எந்தக் கடலில் போய்க்கொண்டிருக்கும் என்று கணக்குப் பார்த்துச் சுவரில் உன் பழைய பள்ளிக்கூட வரைபடத்தை மாட்டியிருக்கிறாள். அவளிடமிருந்து பிடுங்கிக்கொள்ள இன்னும் எதுவும் மிச்சமில்லை. ஆகவே அவளுக்கு எழுது, கன்றுகள் உயிரோடு வந்து சேர்ந்தன என்று. நட்டாய், துளிர்த்திருக்கின்றன என்று எழுது. ஒவ்வொரு வருஷமும் அவை எவ்வளவு வளர்ந்தன என்றும் எழுது. அச்சார் நன்றாயிருந்தது, மேலங்கி அளவாயிருந்தது என்றும் எழுது. நீ ஒரு சின்னப் பொய் சொன்னதற்காக உன் வாயில் சோப்பு வைத்துக் கழுவியவள் நான், அதே அம்மாதான் கேட்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில் அதை என் பாவமாகவே சொல்லிவிடுகிறேன், நீ சொல்ல வேண்டியதில்லை.

உன் கடிதத்தை அவள்தான் எனக்கு வாசிப்பாள், கன்று துளிர்த்தது என்று அவள் வாசிக்கும்போது அது பொய்தானா என்று எனக்குத் தெரியாமல் போய்விடும். ஆகவே இதைச் செய். கடிதத்தின் தலையில் சிலுவை போடும் வழக்கத்தை நீ கப்பல் ஏறியதிலிருந்து விட்டுவிட்டாய், எத்தனை தரம் கண்டித்தும் கேட்கவில்லை. பெட்டியைக் கடலில் போட்டிருந்தால் இந்த முறை சிலுவை போடு. பெரிதாகப் போடு, அவள் வாசிக்கும்போது எதிரில் உட்கார்ந்திருக்கும் எனக்கு வெளிச்சத்தில் தாள் வழியாகத் தெரியும். பெட்டியைத் திறந்திருந்தால் போடாதே. அதிலாவது பொய் வேண்டாம்.

சேசு மரி சூசை உன்னையும் உன் வீட்டையும் உன் மண்ணையும் காப்பாற்றட்டும். என் கையை உன் தலைமேலும் ஒதில் தலைமேலும் நான் பார்க்காத என் பேரன் தலைமேலும் வைத்து ஆசீர்வதிக்கிறேன். இதைப் படித்து முடித்ததும் பெட்டியோடு சேர்த்துக் கட்டிக் கடலில் போட்டுவிடு, நன்றாகக் கழுவியிருக்கிறேன், இருந்தாலும் என் கையை நான் நம்பவில்லை.

உன் அம்மா,
எமிலின் விதவை
மரி-யூஃப்ராசி