அண்ணன் காட்டாத உயில்

மார்ச் 4
இரண்டு பள்ளிச் சீருடை தைத்து முடித்தேன். மருந்துக்கடைக்காரர் பேன்ட் நீளம் குறைக்க வந்தார். "உங்கப்பா உயிலுக்கு நானும் சாட்சிக் கையெழுத்து போட்டேன். என்ன எழுதினார்னு பார்க்கல" என்றார்.
உயிலா? அப்பா போய் ஆறு மாதம் ஆகிறது. மாடியிலேயே இருக்கிற அண்ணன் மூச்சு விடவில்லை.

மார்ச் 5
மாடிக்குப் போய் அண்ணனிடம் கேட்டேன். முகம் வெளிறிப்போச்சு. "அதை விடு. நீ பாட்டுக்குக் கீழே இரு, தை." அண்ணி எட்டிப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிட்டான்.
வீட்டை எனக்குத்தான் எழுதியிருப்பார். இல்லாவிட்டால் எதற்கு ஒளிக்கணும்? கடைசிவரை அவரைக் குளிப்பாட்டினது யார்?

மார்ச் 19
பதிவு அலுவலகத்தில் தேடியாச்சு, உயில் பதிவாகவில்லை. நோட்டீஸ் அனுப்பலாம், அதற்கும் அசையாவிட்டால் கோர்ட்டில் உத்தரவு வாங்கி அதைக் கொண்டுவர வைக்கலாம் என்றார் வக்கீலம்மா. "ஆனா உயிலே இல்லேன்னா வீடு ரெண்டு பேருக்கும் சரிபாதி. நல்லா யோசிச்சுக்கோங்க."
யோசிக்க என்ன இருக்கு? அனுப்புங்க என்றேன்.

ஏப்ரல் 11
பதில் இல்லை. மாடிப்படியில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போகிறான். போகட்டும்.

ஜூன் 2
கோர்ட்டில் மனு போட்டாச்சு.

ஆகஸ்ட் 23
அண்ணன் உயிலைக் கோர்ட்டில் கொடுத்துவிட்டான். என் கல்யாணத்துக்கு அடுத்த வாரம் எழுதியது. 'மகளுக்குத் திருமணம் செய்து கொடுத்துவிட்டபடியால், வீடு முழுவதும் மகனுக்கே.'
மூன்றே வருஷத்தில் நான் திரும்பி வந்துவிட்டேன். அப்பா மாற்றி எழுதவில்லை. மறந்திருப்பார். மறந்துதான் இருக்கணும் — இல்லையா?
கோர்ட் வாசலில் அண்ணன் நின்றான். "உனக்குப் பாதி வரட்டும்னுதான்டி பூட்டி வச்சேன்."
"சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"
"உன் வாய்ல எது நிக்கும்? அடுத்த நிமிஷம் உன் அண்ணிக்குத் தெரிஞ்சிருக்கும்."
"அப்போ கிழிச்சுப் போட்டிருக்கலாமே?"
"அப்பா கையெழுத்துடி. கை வரல."
பஸ்ஸில் அழுகை அழுகையா வந்தது. என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேன்.

ஆகஸ்ட் 25
அண்ணி இறங்கி வந்தார். தையல் அறையைக் கண்ணாலேயே அளந்தார். "நீயே தோண்டி எடுத்ததுதானே? அதுல இருக்கிறபடியே நடக்கட்டும்." அண்ணன் மாடியிலிருந்து இறங்கவே இல்லை. எனக்குப் பாதி வரணும்னுதான் ஒளித்தான் என்று அண்ணிக்குத் தெரிந்தால் அவன் பாடு திண்டாட்டம்.

செப்டம்பர் 14
வாடகைக்கு ஒரு அறை பார்க்கப் போனேன். அண்ணனும் கூட வந்தான். தண்ணி வருமா, தாழ்ப்பாள் சரியா விழுமா என்று எல்லாம் அவனே விசாரித்தான். வீட்டுக்காரர், "குடி வர்றது யாரு?" என்று கேட்டார். அவன் சொல்லுவான் என்று நான் இருந்தேன். நான் சொல்லுவேன் என்று அவன் இருந்தான்.