துடிக்காத இழை

செவ்வாய்க் கிரகம், வடக்குக் குடியிருப்பு. அறுவை அறைக் குறிப்பு.
பதிபவர்: தமயந்தி, இங்கிருக்கும் ஒரே அறுவை மருத்துவர்.

08:10
நோயாளி ரெபேக்கா, ஏழு மாதக் குழந்தை. அடிவயிறு மூடாமல், சிறுநீர்ப்பை வெளியே திறந்தபடி பிறந்தவள். பையை உள்ளே வைத்து, சிறுநீரை அடக்கும் தசையை அதன் கழுத்தைச் சுற்றிக் கட்ட வேண்டும். அந்தத் தசைக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு நரம்புகள். நரம்பு போனால் தசை வெறும் சதைதான்.

வெளியிலிருந்து ஒலிபெருக்கியில் தாய் ஜெசிந்தா: "டாக்டர், ஸ்கூல் போறப்போ டயப்பர் இல்லாம போவாளா? அது மட்டும் சொல்லுங்க."

போவாள் என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

09:25
உடற்கூறு வரைபடம் காட்டும் இடத்தில் நரம்பு இல்லை. அது சாதாரணமாகப் பிறந்த உடம்புக்கு வரைந்தது. இவளுக்கு இடுப்பெலும்பு முன்னால் சேராமல் விரிந்து நிற்கிறது. நரம்பும் கூடவே விலகியிருக்கும். இடப்பக்கம் ஒரு வெள்ளை இழை. நரம்பா, வெறும் நாரா? படம் பிடித்துப் பூமிக்கு, பேராசிரியர் மங்களேஸ்வரிக்கு அனுப்பினேன். பதில் வர முக்கால் மணி நேரமாவது ஆகும்.

09:41
ரத்தம். இழைக்குப் பின்னாலிருந்துதான் வருகிறது. மின்தூண்டியால் இழையைத் தொட்டேன். நரம்பானால் தசை துடிக்கும். துடிக்கவில்லை. மறுபடி தொட்டேன். இல்லை. இந்தக் குழந்தையிடம் இருப்பதே இரண்டு டம்ளர் சொச்சம் ரத்தம். இழையை வெட்டினேன், பின்னாலிருந்த ரத்தக்குழாயைச் சுட்டு அடைத்தேன். நின்றது.

10:02
வலப்பக்கமும் அதே இழை. தொட்டேன். தசை துள்ளியது.

ஐயோ.

குழந்தை அசைந்ததால் மயக்க மருத்துவர் குமரகுரு முன்பே தசை தளர்த்தும் மருந்து போட்டிருக்கிறார். அசைந்தால் இங்கே எந்த அறுவையிலும் போடுவதுதான். அது உடம்பில் இருக்கும்வரை எந்த நரம்பைத் தொட்டாலும் தசை அசையாது. இப்போது மருந்து இறங்கிவிட்டது. அவர் அழுகிறார். அவரைத் திட்டி என்ன? பாவி, நான் ஒரு வார்த்தை கேட்டேனா?

10:14
பூமியிலிருந்து: "தமயந்தி, கேளும்மா. அது நரம்புதான், சந்தேகமே வேணாம். தூண்டி துடிக்கலன்னா நம்பிடாத, தளர்த்துற மருந்து போட்டாங்களான்னு மொதல்ல கேளு. நீ அவசரப்படுற ஆளில்ல, எனக்குத் தெரியும்."

அறுந்த நுனிகளைத் தேடினேன். கருகிப்போயிருக்கின்றன. சேர்த்துத் தைக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

11:30
தையல் முடிந்தது. ஜெசிந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள்: "வலது பக்கம் இருக்குல்ல டாக்டர்? அது போதும்ல?"

தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, பூமியில் யாருக்கும் தெரியவில்லை. அவள் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

11:52
எனக்குப் பிறகு ரெபேக்காவுக்கு அறுவை செய்யப்போகிறவருக்கு. இடப்பக்கம் தேட வேண்டாம். அங்கே எதுவும் இல்லை. வலப்பக்கம், எலும்பை ஒட்டி, வெள்ளையாக ஒன்று இருக்கும். உங்கள் காலில் விழுகிறேன், அதைத் தொடாதீர்கள்.