நீங்கள் பார்க்காமல் விட்ட கை

அப்பா,

இன்று பேருந்து நிலையத்துக்கு எதிரேயுள்ள கடையில் கிறீம் சோடா வாங்கினேன். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. இனிப்பு இருந்தது, துள்ளல் இல்லை. தகரக் குவளையில் நேற்று ஊற்றி வைத்த தண்ணீர் போலிருந்தது. போத்தல் பழசா என்று கேட்டேன். "இப்பத்தான் உடைச்சது தங்கச்சி, நுரை நிக்குது பாருங்கோ" என்றார் கடைக்காரர். நுரை நின்றுகொண்டுதான் இருந்தது. காலையில் நான் விழுங்கும் வெள்ளைக் குளிசை சோடாவின் சுவையைக் கெடுக்கும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். போத்தலைக் கண்டதும் உங்கள் ஞாபகம் வந்து, அதை மறந்துவிட்டேன்.

மாதா கோயில் பெருநாளில் வாணம் விடத் தொடங்குமுன் நீங்கள் என்னைக் கூட்டிக்கொண்டு பனங்கூடல் பக்கம் போய்விடுவீர்கள். ஊர் முழுதும் வானத்தைப் பார்க்க, நாங்கள் இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு போத்தல் சோடாவை மாறி மாறிக் குடிப்போம். முதல் வெடிக்கு முன்பே நீங்கள் மணலில் இருந்துவிடுவீர்கள். நின்றபடி திடுக்கிட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கால் பின்னும், நாக்குத் தடிக்கும், சில நிமிடங்களுக்கு நிலம் வள்ளம் போல ஆடும். பிறகு ஒன்றும் நடவாதது போல் எழும்பி, இடுப்புச் சாரத்தில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொள்வீர்கள்.

ஒரு சொட்டும் குடிக்காதவர் நீங்கள். ஆனாலும் சண்டைக்கு முந்திய காலத்தில், களப்பில் இறால் பிடிக்கிறவர்கள் நீங்கள் தள்ளாடுவதைக் கண்டு "விடியவே போட்டாச்சுப் போல" என்று பகிடி பண்ணுவார்களாம். "ஓம், உனக்கும் அடிப்போத்தலில கொஞ்சம் வைச்சிருக்கிறன்" என்று சிரிப்பீர்களாம். அப்படிச் சிரித்த நாட்களில் வீட்டுக்கு வந்து ஒருவரோடும் பேசாமல் படுத்துவிடுவீர்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

பிறகு எல்லாம் நடந்தது: சண்டை, செல் குண்டுகள், பங்கர் என்ற பதுங்குகுழி, அகதி முகாம். முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பியபோது நடுங்காத ஆள் இல்லை. ஒருவருக்குக் காது போயிருந்தது, ஒருவருக்கு நித்திரை. நீங்கள் தடுமாறி விழுந்தால் இப்போது யாரும் சிரிக்கவில்லை. "பாவம், செல்லடியில நரம்பு பழுதாப் போச்சு" என்றார்கள். நீங்களும் தலையாட்டினீர்கள். உங்கள் தடுமாற்றத்துக்கு முதன்முறையாக ஒரு மரியாதை கிடைத்தது. பின்னாளில் பரீட்சை மண்டபத்தில் மணி அடித்தபோது எனக்கும் கால் பின்னியது. பங்கருக்குள் இருந்து வந்த பிள்ளை என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். வீட்டில் சொல்லவில்லை.

நான் எழுத வந்தது கையைப் பற்றி.

சின்ன வயதில் பின்னேரங்களில், அம்மா சமைக்கும் குசினி வாசலில் இருந்துகொண்டு "கையைக் காட்டு பாப்பம்" என்பீர்கள். உங்கள் உள்ளங்கையில் என் கையை வைத்து, மூச்சையும் அடக்கிக்கொண்டு பார்ப்பீர்கள். வெளிச்சம் போதாவிட்டால் முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போவீர்கள். கடைசியில் "நல்ல கை" என்று சொல்லி, என் விரல்களை ஒவ்வொன்றாக மடித்து என்னிடமே திருப்பித் தருவீர்கள். அதைச் செல்லம் என்று நினைத்தேன். செல்லமாகவும் இருந்திருக்கும்.

நான் பெரியபிள்ளையாகிக் கொஞ்ச நாளில் அது நின்றது. ஒரு நாள் நானாகவே கையை நீட்டினேன். "போய்ப் படி பிள்ளை" என்று எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டீர்கள். வளர்ந்த மகளின் கையைப் பிடிக்கத் தகப்பன் கூசுவது எங்கள் ஊர்களில் வழக்கந்தானே. அப்படித்தான் விளங்கிக்கொண்டேன். நெஞ்சு நோ வந்து நீங்கள் போன பிறகும் அப்படியே விளங்கியிருந்தேன்.

போன வருடம் நான் வேலை செய்யும் நூலகத்தின் படியில் விழுந்தேன். அம்மா என்னை யாழ்ப்பாணத்துக்கு, நரம்பு மருத்துவரிடம் கூட்டிப்போனார். நான் வழக்கம்போல் சண்டையைச் சொன்னேன். மருத்துவர் என் கையை மேசையில் வைத்து, விளக்கைக் கிட்ட இழுத்து, உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். தோலுக்குக் கீழே, புழு ஊர்வது போல, மெல்லிய அலை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

"இது சண்டையால வந்ததில்லை" என்றார். "வீட்டில வேற ஆருக்கும் இருந்ததோ?"

அவர் விளக்கியது இதுதான்: நரம்புக்கலம் கிளர்ந்தெழ, சோடியம் உள்ளே பாய்கிறது. அது மீண்டும் அடங்க, பொற்றாசியம் வெளியேற வேண்டும். அதற்கென்று கலத்தின் சவ்வில் நுண்ணிய கால்வாய்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு வகை எங்களுக்குச் சரியாகத் திறப்பதில்லை. மாரியில் களப்பு நிரம்பினால், தண்ணீர் கடலுக்கு வடிய முகத்துவாரத்து மணலை வெட்டிவிடப் போவீர்களே, வெட்டப் பிந்தினால் வெள்ளம் வீட்டு வளவுக்குள் ஏறுமே, அதேதான் அப்பா. திடுக்கிட்டால் எல்லாருக்கும் நரம்பு எழும். மற்றவர்களுக்கு உடனே வடியும். எங்களுக்கு வடியப் பிந்தும். அதற்குள் சிறுமூளை காலுக்கும் நாக்குக்கும் சொல்ல வேண்டியதைக் குழப்பிவிடும். பிறப்பிலேயே உள்ளது. தகப்பனிடமிருந்தோ தாயிடமிருந்தோ பிள்ளைக்கு வரலாம், வராமலும் விடலாம்.

திரும்பி வரும் பேருந்து ஆனையிறவைத் தாண்டியது. அம்மா யன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

"அவருக்குத் தெரியும். தன்ர தாய்க்கும் இருந்தது எண்டு எனக்கு மட்டும் சொன்னவர். உன்ர கையில அதைக் கண்ட அண்டைக்குச் சோறு தொடேல்ல."

என்ன சொன்னவர் என்று கேட்டேன்.

"'சண்டையில வந்ததெண்டால் என்னோட முடிஞ்சிருக்கும்' எண்டு சொன்னவர். பிறகு அந்தக் கதையும் எடுக்கேல்ல, உன்ர கையையும் பாக்கேல்ல."

அப்பா, செல்லடி என்று ஊர் சொன்னபோது நீங்கள் தலையாட்டியது உங்களுக்காக என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அந்தப் பொய் உண்மையாக இருக்கவேண்டும் என்று எத்தனை பின்னேரம் என் கையை வெளிச்சத்தில் பிடித்திருப்பீர்கள்.

குளிசை தொடங்கிய பிறகு நான் விழவில்லை. இப்படி ஒரு குளிசை இருக்கிறது என்பது தெரியாமலே போய்விட்டீர்கள். இதில் உங்கள் பிழை ஒன்றுமில்லை என்று சொல்ல ஒரு பின்னேரம் போதும். அந்தப் பின்னேரம் எனக்குக் கிடைக்கவில்லை.

சோடாவைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து குசினி வாசலில் இருக்கிறேன். இடது உள்ளங்கையில் வலது கையை வைத்திருக்கிறேன். குளிசை தடுமாற்றத்தைத்தான் நிறுத்தியது, அலை இன்னும் ஓடுகிறது. உங்கள் கையில் ஓடியதும் இதுதான். நல்ல கை, அப்பா. நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.