கதையில் இல்லாத போன்

செவ்வாய்க்கிழமை. சிட்லபாக்கம்.

தொழிற்சங்க மலருக்கு எழுதிய கதையை இன்று சாயங்காலம் ஏரிக்கரையில் பிபினுக்கு வாசித்துக் காட்டினேன். பக்கத்து மனையில் கம்பி கட்டுகிற ஒடிசாக்காரன், மெட்ராஸ் தமிழை வேலையிடத்திலேயே பழகியவன். அவனை நினைத்துத்தான் எழுதினேன். கதையில் மேஸ்திரி சாப்பாட்டை நிறுத்திவிடுகிறான். நாயகன் சாரத்தில் ஏறி நின்று உரிமையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் பேசுகிறான். படிக்கிறவர்கள் கொதித்து எழ வேண்டும் என்று எனக்கு ஆசை.

பிபின் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லா கீதுக்கா. ஆனா இவன் வூட்டுக்கு போனே பண்லியே. ஏழு மணிக்கு அம்மா காத்துகினு இருக்கும்."

"அம்மாகிட்ட என்ன சொல்லுவான்?"

"சாப்ட்டேன்னு சொல்லுவான்."

அப்போது அவன் போன் அடித்தது. வீடியோவில் அவன் ஊர் மழை. இங்கே ஒரு தூறல்கூட இல்லை, ஆனாலும் மண் வாசனை வந்தது போலிருந்தது. எதிரே கட்டி முடிக்காத மாடிகளில், சட்டம் வைக்காத ஒவ்வொரு ஜன்னலிலும் போன் வெளிச்சத்தில் ஒரு முகம் மிதந்தது.

போராட்டம் எங்கே என்று சங்கத்தில் கேட்பார்கள். கேட்கட்டும். ஒன்றரைப் பக்கத்தையும் கோடு போட்டு அடித்துவிட்டேன். நாயகன் சாரத்தில் உட்கார்ந்து போனை எடுக்கிறான்.

"சாப்ட்டேம்மா."