ஒட்டுத் தெரியாமல் வெட்டிய டிஸ்க்

என் அன்பான இஞ்சேருங்கோ,

கலியாணம் கட்டிய நாளிலிருந்து உங்களை நான் வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. பெயர் சொன்னால் இது யாருக்கோ எழுதிய கடிதம் என்று நினைத்துவிடுவீர்கள். அதனால் இப்படியே தொடங்குகிறேன்.

வருகிற கிழமை உங்கள் ஆட்டைத் திவசம், நீங்கள் போய் ஒரு வருசம். நினைவஞ்சலி போடுவதற்குப் பத்திரிகைக் கந்தோருக்குப் போனேன். அங்கிருந்தவர் ஆயத்தமாக வைத்திருந்த கவிதைகளை எடுத்துப் போட்டு, பிடித்ததைச் சொல்லச் சொன்னார். எல்லாவற்றிலும் மெழுகுதிரி உருகிக்கொண்டிருந்தது. ஒன்றில் நீங்கள் தீபமாக எரிந்தீர்கள், மற்றதில் தூணாக நின்றீர்கள். கதிரையை விட்டு எழும்புவதற்கே இரண்டு தரம் கூப்பிடவேண்டிய மனிதரைத் தூண் என்று போட எனக்கு மனம் வரவில்லை. நானே எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

முதலில் வீட்டுச் செய்தி. கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்த முறை நன்றாகக் காய்த்தது. வாழைக்குப் பாத்தி பாத்தியாக நானே தண்ணி மாறுகிறேன். உங்கள் ரீவிப் பெட்டியும் கொம்பியூட்டரும் நன்றாக ஓடுகின்றன. ஓம், நான்தான் ஓட்டுகிறேன். சிரிக்கவேண்டாம்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் கொஞ்சம் விளங்கவேண்டும் அல்லவா? என் மனிதர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் எங்களுக்கு இல்லை. ஓய்வுக்குப் பிறகு அவர் செய்த ஒரே உத்தியோகம், ரீவியில் வருகிற திருவிழா, கச்சேரி, பட்டிமன்றம் எல்லாவற்றையும் பதிந்து, டிஸ்க் அடித்து, நோர்வேயில் இருக்கிற தன் அக்காவுக்கு, அதாவது என் மச்சாளுக்கு, தபாலில் அனுப்புவது. மச்சாளுக்குக் கைபேசியில் படம் பார்க்கக் கண் சரிவராது. அவவின் அறையில் பெரிய ரீவியும் டிஸ்க் போடுகிற மெசினும் இருக்கின்றன.

இதெல்லாம் இன்ரநெற்றில் கிடக்கிறதுதானே என்று நான் கேட்காத நாளில்லை. நீங்கள் கேட்டால்தானே. யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது உங்கள் வீட்டு அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. அக்காவின் கலியாணப் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அன்று தொடக்கம், தூக்கிக்கொண்டு ஓடக்கூடியதாக ஒரு பொருள் கையில் இருந்தால்தான் உங்களுக்கு நம்பிக்கை. சாதாரண டிவிடியில் அடித்தால் எச்.டி. படம் மங்கிவிடும் என்று, விலை கூடின புளூரே டிஸ்க்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றீர்கள். “பிள்ளையாரின்ரை நெத்தியிலை வைச்ச சந்தனம் அக்காவுக்குத் தெரியவேணும்” என்று எனக்கு விளக்கம் வேறு.

டிஷ் பெட்டியில் பதிந்த நிகழ்ச்சி அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் ஓடும். கழற்றிக் கொம்பியூட்டரில் போட்டால் ஒன்றும் தெரியாது. பெட்டியில் ஓடவிட்டு, அது ஓட ஓட வயரால் கொம்பியூட்டரில் பிடிக்கவேண்டும். ஒரு மணித்தியால நிகழ்ச்சிக்கு ஒரு மணித்தியாலம் ஆள் காவல் இருக்கவேண்டும். விளம்பரம் வந்தால் நிறுத்தவேண்டும், முடிந்ததும் திரும்பத் தொடங்கவேண்டும். மரண அறிவித்தல் வந்தால் கட்டாயம் நிறுத்தவேண்டும். சாவுச் செய்தி கேட்டுக் கேட்டு அக்கா களைத்துப்போனா, அவவுக்கு இனி அது வேண்டாம் என்பது உங்கள் சட்டம்.

சட்டம் சரி. கைதான் பிந்தும். வெற்றிலையைக் கொடுப்புக்குள் ஒதுக்கிவிட்டு நீங்கள் பொத்தானை அமத்துவதற்குள் விளம்பரம் பாதி வந்துவிடும். திரும்பத் தொடங்கும்போது பாட்டின் முதல் அடி போய்விடும். உங்கள் டிஸ்க் எல்லாவற்றிலும் ஒவ்வொரு வெட்டிலும் நகைக்கடை விளம்பரத்துப் பெண் ஒருதரம் கழுத்தைத் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் போவாள். நான் தையல் மெசினில் இருந்தபடி பார்த்துப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். பள்ளிக்கூடச் சட்டை தைக்கிறவளுக்குக் காலும் கையும் கண்ணும் ஒன்றாக வேலை செய்யவேண்டும். இந்தப் பொத்தானை என்னிடம் தந்திருந்தால் நூல் பிடித்தது போல வெட்டியிருப்பேன். நீங்கள் தந்தால்தானே.

அன்று காலமை தேத்தண்ணி குடித்துவிட்டு வாழைக்குத் தண்ணி மாறப் போன நீங்கள் பாத்திக்குள்ளேயே சரிந்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. நோகாமல் போனார் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். உங்களுக்கு நோகவில்லை என்பது எனக்கும் ஆறுதல்தான்.

உங்களை எடுப்பதற்கு முன்னமே மச்சாளின் மகன் ரெலிபோன் கோல் எடுத்தார். உங்கள் மருமகன் நல்ல பிள்ளை, குறை சொல்லமாட்டேன். ஆனால் அன்று அவர் கேட்டது பெரிய காரியம்.

“மாமி, அம்மாட்டை இப்ப சொல்ல ஏலாது. நெஞ்சு ஒப்பரேசன் செய்து கிடக்கிறா. மாமாவின்ரை டிஸ்க் வராமல் நிண்டால் கண்டுபிடிச்சிடுவா. அதை மட்டும் எப்பிடியாவது அனுப்புங்கோ.”

தேறினவுடன் தானே சொல்வதாகச் சொன்னார். நான் ஓம் என்றேன். நடு வீட்டில் உங்களைக் கிடத்தி வைத்துக்கொண்டு வேறென்ன சொல்ல முடியும்?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு கொம்பியூட்டருக்கு முன்னால் போய் இருந்தேன். எந்த வயர் எதற்குள் போகிறது என்று நீங்கள் ஒருநாளும் சொல்லித்தரவில்லை. இத்தனை வருசம் பக்கத்தில் இருந்தவளுக்குக் கண் இருக்கிறதுதானே. இரண்டு டிஸ்க் பழுதாகியது. மூன்றாவது சரிவந்தது.

நீங்கள் நேரம் குறித்து வைத்த பட்டிமன்றத்தைப் பெட்டி கிழமைக்குக் கிழமை தானாகப் பதிந்து வைத்திருந்தது. முதலாவதாக ஓடவிட்டது நீங்கள் போன அடுத்த நாள் வந்த நிகழ்ச்சி. பேச்சாளர் ஒருவர் கையை ஓங்கிப் பேசிக்கொண்டிருந்தார். இடைவேளை வந்தது. திரையில் உங்கள் படம்.

மரண அறிவித்தல் வாசிக்கிறவள் வாய் திறக்குமுன் என் கை பொத்தானை அமத்திவிட்டது. பதிவதைத்தான் நிறுத்தினேன், பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. நான் இருந்து முழுதும் பார்த்தேன். சாவகச்சேரியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்டவர் என்றாள். என்னுடைய பெயர் வந்தது. ‘அன்புச் சகோதரரும்’ என்ற இடத்தில் அக்காவின் பெயரும் வந்தது. தன் பெயர் சொல்லி அறிவித்ததை அந்த மனிசிக்குக் கேட்கவிடாமல் செய்கிறேனே என்று நெஞ்சு கொதித்தது. ஆனாலும் பேச்சாளர் திரும்ப வந்ததும் பொத்தானைச் சரியாக அமத்தினேன். அடித்த டிஸ்கைப் போட்டுப் பார்த்தால், ஓங்கிய கை அப்படியே கீழே வருகிறது. நடுவில் ஒரு சாவு இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் பெருமையாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு மாதம் தவறாமல் டிஸ்க் போனது. மச்சாள் கோல் எடுத்து உங்களைக் கேட்டால், கோயிலுக்குப் போய்விட்டார் என்பேன். உயிரோடு இருந்தபோது நீங்கள் அவ்வளவு கோயிலுக்குப் போனதே இல்லை. வழக்கமாக நான் கதைக்கும்போது பின்னாலிருந்து “நான் சுகம் எண்டு சொல்லு” என்று சத்தம் போடுவீர்களே, அந்தச் சத்தமும் இல்லை. மச்சாள் ஒன்றும் கேட்காமல் வைத்துவிடுவா. அவவை ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு நான் தையல் மெசினுக்குப் போய்விடுவேன்.

தைப்பொங்கல் கழிந்த பிறகு ஒரு பின்னேரம், மகன் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து மச்சாள் எடுத்தா. சுகம் விசாரிக்கவில்லை.

“சறோ, உந்த டிஸ்க்கெல்லாம் ஆர் அடிக்கிறது?”

“அவர்தான், மச்சாள்.”

“தம்பி உப்பிடி வெட்டமாட்டான். அவன்ரை டிஸ்கிலை அந்த நகைக்கடைப் பெட்டை கழுத்தைத் திருப்பாமல் ஒரு பாட்டும் தொடங்காது. இதிலை ஒரு ஒட்டும் தெரியேல்லை. இது தையல்காரியின்ரை கை.”

பிறகு மெல்லக் கேட்டா.

“எப்ப போனவன்? திதியைச் சொல்லு.”

சொன்னேன். ஆவணி, பூர்வபக்க ஏகாதசி. அதற்கு மேல் மறைக்க எனக்குத் தெம்பு இல்லை.

முதல் டிஸ்க் வந்த அன்றே அது உங்கள் கை இல்லை என்று அவவுக்கு விளங்கிவிட்டதாம். தம்பிக்குக் கை கால் வழங்கவில்லையோ என்று முதலில் நினைத்தாவாம். உங்கள் சத்தமும் கேட்காமல் போனதும் முடிவு செய்துவிட்டா. மகன் ஒவ்வொரு நாளும் வாசலில் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து சிரிக்கிறான், அவன் படுகிற பாட்டைக் கெடுக்கக்கூடாது என்று இவவும் சிரித்திருக்கிறா. வயிறு சரியில்லை என்று சொல்லி ஒரு மாதம் மீன், இறைச்சி என்று மச்சம் தொடாமல் இருந்திருக்கிறா. தம்பிக்குச் சாவுத் துடக்குக் காக்கிறேன் என்று மகனுக்குச் சொல்ல முடியுமா? எந்த நாளில் தொடங்குவது என்று தெரியாமல், டிஸ்க் வந்த நாளிலிருந்து எண்ணியிருக்கிறா.

“எல்லாத்தையும் பொறுத்திட்டன், சறோ. திதி தெரியாமல் ஆட்டைக்கு எந்த நாளிலை விளக்கு வைக்கிறது? அவனுக்கெண்டு நான் இன்னும் வாய்விட்டு அழேல்லை. சுவருக்கு அங்காலை மகன் படுக்கிறான்.”

“இப்ப வீட்டிலை ஒருத்தரும் இல்லைத்தானே, மச்சாள். அழுங்கோ.”

அழுதா. உங்களைத் தொட்டிலில் ஆட்டிய கதையிலிருந்து எல்லாம் சொல்லிச் சொல்லி அழுதா. நானும் அழுதேன். செத்தவீட்டில்கூட நான் அப்படி அழவில்லை. வந்தவர்களுக்குக் கதிரை போடுவதும் மருமகனுக்குப் பதில் சொல்வதுமாக அந்த நாள் போய்விட்டது. இந்த உலகத்தில் உங்களை என்னைவிட நெடுநாளாக அறிந்தவ அவ ஒருத்திதான். அவவோடு சேர்ந்து அழாமல் இவ்வளவு நாளும் எப்படி இருந்தேன் என்று இப்போது நினைத்தாலும் விளங்கவில்லை.

கடைசியில், தனக்குத் தெரியும் என்று மகனுக்குச் சொல்லவேண்டாம் என்றா. அது மட்டும் ஏலாது என்று நான் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். ஒரே வீட்டில் தாயும் மகனும் ஆளையாள் பார்த்துப் பொய்ச் சிரிப்புச் சிரிக்க, நடுவில் நான் டிஸ்க் அடித்துக்கொண்டிருப்பதா? அடுத்த நாளே மருமகனுக்குக் கோல் எடுத்தேன்.

முதலில் கோபப்பட்டார். பிறகு, “நான் அவவைக் காப்பாத்துறன் எண்டெல்லோ நினைச்சன், மாமி” என்று சின்னப்பிள்ளை மாதிரி விம்மினார்.

“காப்பாத்தினது காணும், தம்பி. இப்ப போய் அவவுக்குப் பக்கத்திலை இரும்.”

போய் இருந்தார். வேலைக்கு லீவு போட்டுவிட்டு இரண்டு நாள் தாயோடு இருந்தாராம். நெஞ்சுக்கு ஒன்றும் நடக்கவில்லை. டொக்டரும் நன்றாக இருக்கிறா என்றுதான் சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகு மச்சாள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டா. நான் வெட்டிய துண்டு வேண்டுமாம். நல்லவேளை, பெட்டியில் அது அழியாமல் கிடந்தது. அந்தப் பட்டிமன்றத்தைத் திரும்ப ஓடவிட்டு, ஒரு இடமும் வெட்டாமல் முழுவதும் பதிந்து அனுப்பினேன். விளக்கேற்றி வைத்துவிட்டுத் தாயும் மகனும் பார்த்திருக்கிறார்கள். உங்கள் அறிவித்தல் வந்ததும் மருமகன் எழும்பி நின்றாராம். மச்சாள் திரும்பவும் போடச் சொல்லிக் கேட்டாவாம். பிறகு எனக்குக் கோல் எடுத்து ஏச்சும் பேச்சும். கண்ணாடி போட்ட படத்தை ஏன் கொடுத்தாய், கண்ணாடி இல்லாத படத்தில்தான் தம்பி வடிவு என்று. அவ என்னைப் பேசியதைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோசமாக இருந்தது தெரியுமா?

வருகிற ஏகாதசிக்கு அங்கே மருமகன் மரக்கறி சமைக்கிறார். இங்கே நான் உங்களுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்போடு படைக்கிறேன். இரண்டு வீட்டிலும் ஒரே நாளில் உங்களுக்கு விளக்கு எரியும்.

மச்சாளும் நானும் கதைத்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். எங்களில் ஆர் முந்திப் போனாலும் மற்றவளுக்கு அன்றைக்கே செய்தி வரவேண்டும். ஒப்பரேசன், காய்ச்சல், பனி, ஒரு சாட்டும் சொல்லக்கூடாது. அழுவதென்றால் அழட்டும் என்று விடவேண்டும். மருமகன் சாமிப்படத்துக்கு முன்னால் நின்று இரண்டு பேருக்கும் சத்தியம் செய்து தந்திருக்கிறார்.

உங்களுக்கும் நான் ஒரு வாக்குத் தரவேண்டும். அவ எனக்கு முந்தினால், செய்தி வந்த அந்த நிமிசமே உங்கள் படத்துக்கு முன்னால் வந்து நின்று சொல்லுவேன்: “இஞ்சேருங்கோ, அக்கா வாறா. எழும்பிப் போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ.” நான் முந்தினால் நானே வந்து சொல்கிறேன். எப்படியானாலும் உங்களுக்கு ஒன்றையும் மறைக்கமாட்டேன்.

உங்கள் அன்பு மனைவியும்
உங்கள் அக்காவின் அன்பு மச்சாளுமாகிய
சறோஜினி
சாவகச்சேரி