ஞாயிற்றுக்கிழமையில் வந்த அமாவாசை

சிவபாலா,

நீ கோபித்துக்கொண்டு தறியை விட்டுக் கம்பெனிக்குப் போனபின் உனக்கு ஞாயிறு விடுமுறை. எங்கள் தறிகள் நிற்பது அமாவாசையன்றுதான். இந்த மாதம் இரண்டும் ஒரே நாள். நம் சண்டை சந்திரனுக்கே சலித்துவிட்டது போலும்.

சனிக்கிழமை மாலையே கிளம்பி, கர்னூல் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குன்றுகளில் நானும் லோகேஷும் மலைச் சைக்கிள் ஓட்டப்போகிறோம். ஒத்திகைக்குக் கூரம் ஏரிக்கரை ஏறினோம். இறக்கத்திலும் தறி மிதிப்பதுபோலவே விடாமல் மிதித்து, லோகேஷ் நேராக ஏரிக்குள் போனான்.

“அவன் இருந்திருந்தா சிரிச்சிக்கினே கெடப்பான்பா” என்றான் தண்ணீரிலிருந்து. எவன் என்று நான் கேட்கவில்லை.

மூன்று சைக்கிள்கள் வாடகைக்குச் சொல்லியிருக்கிறேன். ஒன்றின் சீட்டை உன் உயரத்துக்கு இறக்கச் சொன்னேன். “கொழந்தையும் வருதாபா?” என்றார் கடைக்காரர். ஆமாம் என்றேன்.

இப்படிக்கு,
உன்னோடு இன்னும் பேசாத நண்பன்